கோதுமை ஆகாத பிள்ளைக்குத் தோட்டத்துத் தானியம்

(வானொலிப் பண்ணை இல்ல ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வழக்கமாக விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்றுதான் உங்களிடம் பேசுவது. இன்றைக்குக் கொஞ்சம் அடுப்படிப் பக்கம் வருகிறேன். வேளாண்மை அதிகாரிக்கு அடுப்படியிலே என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் விளைகிறது கடைசியில் அங்கேதானே வந்து சேருகிறது.

கோதுமை ஆகாதவர்கள் என்று ஒரு சிலர் இருக்கிறார்கள். சப்பாத்தி, பரோட்டா, ரவை உப்புமா, சேமியா, பன், பிஸ்கட் இவை எதுவுமே அவர்களுக்கு ஆகாது. ஒரு வேளை, இரண்டு வேளை அல்ல. ஆயுள் முழுவதும் ஆகாது. அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன சமைப்பது, அதையும் மற்றவர்கள் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிற மாதிரி எப்படிச் சமைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். பரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை வீசுகிறாரே, பார்த்திருப்பீர்கள். துணி மாதிரி விரிகிறது, கிழிவதில்லை. அதே வேலையை அரிசி மாவிலோ கேழ்வரகு மாவிலோ செய்ய முடியுமா? கையோடு உதிர்ந்து போகும். மைதாவை அப்படி இழுக்க வைக்கிற பசைப் பொருளுக்குக் குளூட்டன் என்று பெயர். அது ஒரு வகைப் புரதம். மைதா உருண்டையைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்து பிசைந்து கழுவினால், மாவுப்பால் எல்லாம் போய்க் கடைசியில் ரப்பர் மாதிரி ஒன்று கையில் நிற்கும். அதுதான் இது. கோதுமையிலும் வாற்கோதுமை என்கிற பார்லியிலும் இது உண்டு. மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமையின் பிள்ளைகளே.

சிலர் உடம்பு இந்தப் பொருளைப் பகையாளி என்று நினைத்துக்கொள்கிறது. அதை எதிர்க்கப் போய்த் தன் சிறுகுடலின் உட்புறத்தையே அழித்துக்கொள்கிறது. சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுகிற இடம் அதுதான். அது தேய்ந்து போனால் எத்தனை தின்றாலும் உடம்பில் ஒட்டாது. பிள்ளைக்கு வயிறு உப்பும், அடிக்கடி வயிற்றுப்போக்கு இருக்கும், வயசுக்கு ஏற்ற உயரமும் எடையும் வராது. பெரியவர்களுக்குச் சோகை இருக்கும். இரும்புச் சத்து மாத்திரை மாசக்கணக்கில் தின்றும் தேறாது. இதைச் சீலியாக் நோய் என்கிறார்கள். இதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. கோதுமையை விடுவது ஒன்றுதான் மருந்து.

இதைக் கண்டுபிடித்த கதை நம் விவசாயிகள் கேட்க வேண்டிய கதை. ஹாலந்து நாட்டில் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். 1944-45 குளிர்காலத்தில், போர்க்காலத்துப் பஞ்சத்தில், அந்த நாட்டில் ரொட்டிக்கே வழியில்லாமல் போயிற்று. ஊரெல்லாம் பட்டினியில் வாடியபோது இந்த நோய் கண்ட பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமைமேல் அவருக்கு முன்பே ஒரு சந்தேகம் உண்டு. அது உறுதிப்பட்டது. 1950-ல் ஆராய்ச்சி நூலாகவே எழுதினார்.

அதே போர்க்காலத்தில் சேலத்தில் என்ன நடந்தது தெரியுமா? கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்று போனது. 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். இன்றைக்குச் சேலம், நாமக்கல் மாவட்டத்து ஆலைகளுக்கு அதுதான் வித்து. 1981-ல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோதுமை ஆகாதவருக்கு ஜவ்வரிசி ஆகும். ஆனால் அதிலே ஒரு குறை உண்டு. அதைச் சமையலுக்கு வரும்போது சொல்கிறேன்.

நம் ஊரில் இந்த நோய் உண்டா என்றால், உண்டு, ஆனால் குறைவு. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், கோதுமை தின்கிற வட இந்தியாவில் நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவிலும் கண்டிருக்கிறார்கள். அதனால் யாரும் பயந்துகொண்டு கோதுமையை ஒதுக்க வேண்டாம். ஆகிறவர்களுக்கு அது நல்ல தானியம்தான். 'கோதுமையை விட்டால் எல்லா வியாதியும் போகும்' என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள், அதை நம்பாதீர்கள். சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பதும் அப்படித்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தேவைப்பட்டால் குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது செய்தால்தான் அதில் உண்மை தெரியும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம்.

சரி, நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சப்பாத்தியை நிறுத்தியாயிற்று. அத்தோடு முடிந்ததா என்றால், அதுதான் இல்லை.

மல்லூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். எட்டு வயசுப் பெண் குழந்தை. கோதுமையை அடியோடு நிறுத்தி ஆறு மாசம் ஆகியும் வயிறு முழுக்கச் சரியாகவில்லை. அந்த அம்மா சோர்ந்து போய்விட்டார். 'சோறு, சாம்பார், ரசம், இட்லி இதைத் தவிர ஒன்றுமே கொடுக்கிறது இல்லீங்களே' என்றார். கடைசியில் பார்த்தால் சாம்பாரில்தான் இருந்தது. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா சேர்த்திருக்கும். சுத்தப் பெருங்காயத்துக்குக் காரமும் வாடையும் அதிகம் என்பதால் மாவும் பிசினும் கூட்டித்தான் விற்கிறார்கள். டப்பாவில் பொடி எழுத்தில் அச்சடித்தும் இருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை. சிலவற்றில் மைதாவுக்குப் பதில் அரிசி மாவு சேர்க்கிறார்கள், அது பரவாயில்லை. பார்த்து வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் பெருங்காயமே வேண்டாம். இரண்டு பல் பூண்டும் கொஞ்சம் சீரகமும் தட்டிப் போடுங்கள். கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, ஊறுகாய் எதிலும் பெருங்காயம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

'ராகி பிஸ்கட்', 'ராகி சேமியா' என்று படம் போட்ட பாக்கெட்டுகளில் பாதிக்குமேல் கோதுமையாக இருக்கலாம். பாலில் கலக்கிக் குடிக்கிற மால்ட் பொடிகளில் பெரும்பாலும் பார்லி இருக்கும். வீட்டில் கேழ்வரகை முளைகட்டிச் செய்கிற மாவுக்கும் ராகி மால்ட் என்றுதான் பெயர். அது ஆகும், கடை மால்ட் ஆகாது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ஓட்ஸும் வேண்டாம், ஆலையில் கோதுமையோடு கலந்துதான் வருகிறது. பாக்கெட்டில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அவ்வளவு நுணுக்கமான சங்கதி.

அதனால்தான் மாவு மில்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு முன்னால் ஒருவர் ரேஷன் கோதுமை அரைத்துக்கொண்டு போயிருப்பார். அதே கல்லில் உங்கள் கேழ்வரகை அரைத்தால் அவர் மாவில் ஒரு பிடி உங்களோடு வந்துவிடும். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, இந்தப் பிள்ளைக்கு அது போதும் வயிறு கெட. மில்லில் கல்லைச் சுத்தம் செய்து அரைக்கச் சொன்னாலும் முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது. கொஞ்சமாக வேண்டுமென்றால் வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்வது மேல். மாவு ஆட்டுவதற்கு வீட்டுக் கிரைண்டர் இருக்கவே இருக்கிறது.

கடையில் விற்கிற சிறுதானிய மாவுக்கும் இதே கதைதான். எந்த மில்லில், எதற்குப் பின்னால் அரைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் தோட்டத்தில் விளைந்து, உங்கள் களத்தில் காய்ந்து, உங்கள் வீட்டு மிக்சியில் அரைபட்ட தானியத்துக்கு மட்டும்தான் பிறந்ததிலிருந்து பூர்வீகம் உங்களுக்குத் தெரியும். பட்டணத்துக்காரர்கள் கூடுதல் விலை கொடுத்துத் தேடுகிற பொருள் இது. உங்கள் வரப்போரத்தில் கிடக்கிறது.

இனிச் சமையல். இங்கே ஒரு சங்கடம் உண்டு. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டியில் சமைத்தால் இரண்டு வேலை. பிள்ளைக்கும் 'எனக்கு மட்டும் ஏன்' என்று ஏக்கம் வரும். எல்லோருக்கும் ஒரே சமையல் என்றால் வீட்டில் ஆளுக்கொரு நியாயம். மாமனாருக்குக் களி வேண்டும், வீட்டுக்காரருக்குச் சோறு வேண்டும், பெரிய பையனுக்குப் பரோட்டாதான் வேண்டும். போதாததற்கு, 'நாம என்ன இன்னமும் களி தின்கிற குடும்பமா' என்று ஒரு வீறாப்பு. நம் அப்பாரு காலத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச் சோறு என்பார்கள். அதனாலேயே நெல்லுச் சோறு கௌரவமாயிற்று, சோளச் சோறு ஏழைச் சோறாயிற்று. இதை வாதாடி மாற்ற முடியாது, ருசியாகச் செய்து வைத்தால் தானாக மாறும்.

என் யோசனை, எடுத்த எடுப்பில் களியைக் கிண்டாதீர்கள். சாமையில் ஆரம்பியுங்கள். பார்ப்பதற்கு அரிசி மாதிரியே வெள்ளையாக இருக்கும், தனி வாடை கிடையாது. கொல்லிமலைச் சாமை நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. தோல் நீக்கிய சாமையாகப் பார்த்து வாங்குங்கள். அதைக் கொண்டு நம் கொங்கு வீட்டு அரிசிம்பருப்புச் சோறு செய்யலாம். இரண்டு டம்ளர் சாமைக்கு அரை டம்ளர் துவரம் பருப்பு. சாமை சீக்கிரம் வெந்துவிடும், பருப்பு வேகாது. ஆகவே பருப்பை மட்டும் அரை மணி நேரம் முன்னால் ஊறப் போடுங்கள். குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், மிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள் தூள் போட்டு, ஆறு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் பருப்பையும் சாமையையும் போட்டு மூடினால் மூன்று விசிலில் ஆயிற்று. மேலே நெய் விட்டுக் கொடுத்தால் இது அரிசியா சாமையா என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். பெருங்காயத்துக்கும் வேலையில்லை. முதல் தடவை பாதி அரிசி, பாதி சாமை என்று போட்டாலும் சரி.

சாமை பழகிய பிறகு சோளம். சோளத்தட்டு மாட்டுக்கு, சோளம் சந்தைக்கு என்றுதான் இப்போது வைத்திருக்கிறோம். இரண்டு டம்ளர் வெள்ளைச் சோளம், ஒரு டம்ளர் இட்லி அரிசி, முக்கால் டம்ளர் உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். சோளத்தை மட்டும் காலையிலேயே ஊறப் போட்டுவிடுங்கள், எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். சாயங்காலம் ஆட்டி வைத்தால் மறுநாள் தோசைக்கும் ஆகும், குழிப் பணியாரத்துக்கும் ஆகும். பாதி மாவில் வெல்லமும் தேங்காயும், பாதி மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கலந்து ஊற்றினால் ஒரே மாவில் சின்னதுகளுக்கும் பெரியவர்களுக்கும் பஞ்சாயத்து முடிந்துவிடும். மொறுமொறுப்பாக இருந்தால் பிள்ளைகள் நிறத்தைப் பார்ப்பதில்லை. இது நான் பல வீடுகளில் கண்டது.

கேழ்வரகு கறுப்பாக இருக்கிறதே என்றுதான் பிள்ளைகள் மறுக்கும். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லி கிராமுக்கு மேல் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. குடல் தேய்ந்து எலும்பு வளராமல் இருந்த பிள்ளைக்கு இது முக்கியம் இல்லீங்களா? நம் நாமக்கல் முட்டை இங்கே கைகொடுக்கும். கேழ்வரகு மாவு ஒரு டம்ளர், அரிசி மாவு கால் டம்ளர், உப்பு, மோர் விட்டுத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, இரண்டு முட்டையை அடித்து ஊற்றி, நறுக்கிய வெங்காயமும் முருங்கைக் கீரையும் போட்டு உடனே ஊற்றலாம். புளிக்க வைக்க வேண்டியதில்லை. குளூட்டன் இல்லாத மாவு உதிரும் என்று சொன்னேனே, அதைப் பிடித்துக்கொள்கிற வேலையை முட்டை செய்துவிடும். சைவக்காரர்கள் மாவில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைந்து வாழை இலையில் தட்டி அடையாகச் சுடலாம். வெந்நீர் பட்டால்தான் மாவு பிடிக்கும், பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விண்டு விண்டு போகும்.

கம்பு கடைசியில் வரட்டும். அதன் வாடை பழக நாளாகும். கம்பஞ்சோறு என்றால் குத்திப் புடைக்க வேண்டுமே என்று மலைக்காதீர்கள். கம்பைக் கழுவித் துணியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றி ரவையாக உடைத்து, ஒன்றுக்கு நாலு தண்ணீர் வைத்துக் குக்கரில் வேக விடுங்கள். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் சித்திரை வெயிலுக்கு அதற்கு ஈடில்லை. கம்பு மாவை மட்டும் மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். அதில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சில நாளில் கசந்துவிடும்.

ஜவ்வரிசியின் குறையைச் சொல்கிறேன் என்றேன். அது சுத்தமான மாவுச் சத்து. புரதம் அநேகமாக இல்லை. வயிறு நிறையும், உடம்பு தேறாது. ஊறிய ஜவ்வரிசியில் வறுத்துப் பொடித்த நிலக்கடலையும் வேக வைத்த பாசிப் பருப்பும் சேர்த்து உப்புமா கிளறுங்கள், அப்போது அது சாப்பாடு. மரவள்ளிக் கிழங்கை அப்படியே வேக வைக்கிறவர்கள், ஆலைக்குப் போடுகிற கசப்பு ரகத்தை வீட்டுக்கு எடுக்காதீர்கள். எந்தக் கிழங்கானாலும் தோலைச் சுத்தமாகச் சீவி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தோலில்தான் விஷச் சத்து அதிகம்.

வீட்டில் மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சப்பாத்திக் கல், பலகை, கட்டை மூன்றும் தனியாக இருக்கட்டும். கோதுமை தோசை ஊற்றிய கல்லில் இந்தப் பிள்ளைக்கு ஊற்ற வேண்டாம். பூரி சுட்ட எண்ணெயில் வடை போட்டுக் கொடுக்க வேண்டாம். கல்யாணப் பந்தியில் கேசரி, சேமியா பாயசம் ஆகாது என்பது தெரியும். சாம்பாரும் ரசமும்தான் தெரியாமல் ஏமாற்றும். சோறு, தயிர், வாழைப்பழம் என்று முடித்துக்கொண்டு வருவது நல்லது. இதைப் பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் சத்துணவு ஆயாவிடமும் ஒரு தடவை நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். உறவுக்காரர்களிடம்தான் கஷ்டம். 'ஒரு பிஸ்கட்டுதானே கண்ணு, ஒன்னும் ஆகாது, தின்னு' என்று அப்பத்தாவே எடுத்துக் கொடுப்பார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே குடல் மறுபடி புண்ணாகும் என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக என் தொழிலுக்கு வருகிறேன். ஐந்து பேர் உள்ள குடும்பம் வாரத்துக்கு இரண்டு கிலோ கேழ்வரகு செலவழித்தால் வருஷத்துக்கு நூறு கிலோ ஆகிறது. தண்ணீர் வசதியுள்ள தோட்டத்தில் 10 சென்ட் ஒதுக்கினால், நன்றாகக் கவனித்தால் அந்த நூறு கிலோ வரும். 200 கிராம் விதை போதும். வைகாசி, ஆனியில் நாற்று விட்டு, 18 முதல் 20 நாளில் பறித்து நடுங்கள்; நாற்று முற்றினால் தூர் கட்டாது. கதிரை ரோட்டில் போட்டு அடிக்க வேண்டாம், தார்ப்பாயில் காய வையுங்கள். ரோட்டில் வண்டி வாகனத்தோடு என்னென்ன சிந்துகிறதோ நமக்குத் தெரியாது. இந்தத் தானியத்துக்கென்று மூடி போட்ட தகர டின் ஒன்றைத் தனியாக வைத்து, மேலே பிள்ளையின் பெயரை எழுதிவிடுங்கள். அவசரத்தில் யாரும் ரேஷன் கோதுமையை அதில் கொட்டிவிட மாட்டார்கள். விதை வேண்டுபவர்கள் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் பட்டம் தொடங்குவதற்கு முன்பே கேட்டுப் பதிந்து வையுங்கள்.